ஒரு குறையுமில்லை என்று எழுதிய கடிதம்

இணுவிலுக்கு நான் போனது உறவுகளைப் பார்க்க அல்ல. இதை வாசித்தால் அண்ணை கோபிப்பார், கோபிக்கட்டும். நான் ஒரு கடிதம் எடுக்கத்தான் போனேன். முத்திரை குத்திய கடிதம்.

எனக்கு வேலை நோர்வேயின் வட கோடியில், கடலை ஒட்டிய ஒரு மீன் தொழிற்சாலையில். பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டுகிறவர் யோகன், மயிலிட்டிக்காரர். முள்ளின் மேல் அவர் கத்தி ஓடுகிற வேகத்தைப் பார்க்க நோர்வேக்காரரே கை வேலையை விட்டுவிட்டு நிற்பார்கள். மயிலிட்டிச் சனம் முழுவதும் 1990இல் சண்டைக்குப் பயந்து, உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வெளிக்கிட்டது. அடுத்த வருடம் யோகன் நோர்வேக்கு வந்தார். அவருடைய மனைவி தேவியும் மகள் சுகியும் இணுவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தார்கள். இணுவில் என் ஊர். நான் போன நேரம் சுகிக்கு ஆறு வயது. அவளை இரண்டு வயதில் விட்டு வந்தவர்.

அவர்களைக் கூப்பிட யோகன் மனுக் கொடுத்திருந்தார். குடிவரவு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. இவர்கள் எங்கே இருக்கிறார்கள், இவர்களை யார் பராமரிக்கிறார்கள், என்ன நிலையில் இருக்கிறார்கள் என்பதை அந்த ஊரில் பொறுப்பான ஒருவர் முத்திரையோடு எழுதித் தர வேண்டுமாம். எங்கள் தொழிற்சாலைத் தமிழரில் அந்த நாட்டு மொழி ஓரளவு ஓடுவது எனக்குத்தான். ஆகவே யோகனுக்கு அலுவலகத்தில் வாய் நான்தான். ஊரில் முத்திரை வைத்திருக்கிற சமாதான நீதவான் என் சொந்த அண்ணை. தபாலில் இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை. 1995 தொடக்கத்தில் சண்டையை நிறுத்தி வைத்திருந்த அந்தக் கொஞ்ச மாதத்தில் நானே போய் எடுத்து வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வாக்குக் கொடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த மாரி முழுவதும் தொழிற்சாலை வானொலியில் ஒரே பேச்சு: வெளிநாட்டவரை எத்தனை பேர் எடுக்கலாம், அதற்கு வரிப்பணம் எவ்வளவு போகிறது. ஒருநாள் சாப்பாட்டு அறையில் ஆஸ்திரிட் என்ற பெண், பாணுக்கு மேல் சீஸ் சீவி வைத்தபடி சொன்னாள்: "நான் பதினாறு வயதிலிருந்து மீன் வெட்டி வரி கட்டுகிறேன். என் அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் அறை இல்லை. வருகிறவர்களுக்கு வீடு இருக்கிறது." ஆஸ்திரிட் கெட்டவள் அல்ல. எனக்குப் பனியில் நடக்கப் பழக்கியவளே அவள்தான். ஆனால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கள் ஊருக்கும் அகதிகள் வந்தார்கள். சோறு, தண்ணீர், பாய் எல்லாம் பங்கு போட்டோம். செலவு என்று ஒருவர் வாய் திறந்து சொல்லவில்லை" என்றேன்.

"அப்படியானால் நல்ல ஊர்தான்" என்றாள் அவள்.

நான் ஊரை விட்டு வந்தது மயிலிட்டிச் சனம் இடம்பெயர்வதற்கு முதல். பள்ளிக்கூடத்தில் அகதி இருந்து நான் கண்ணால் கண்டதில்லை. அதை ஆஸ்திரிட்டுக்குச் சொல்லவில்லை.

பயணத்தில் வந்த இடைஞ்சல் எல்லாவற்றையும் சொல்லப் போனால் பக்கம் காணாது. குடாநாட்டுக்குள் கால் வைத்த காலையிலிருந்து சொல்கிறேன். அறுபதுகளில் செய்த ஒரு கார் கிடைத்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற கார். ஸ்டார்ட் எடுக்க மட்டும் சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல், குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக. பின்னால் கக்குகிற புகை முன்னால் வந்து எங்களையே மூடியது. சாரதிக்கு இருபத்தைந்து வயது இருக்கும்.

"அக்கா நோர்வேயில இருந்தோ? அங்கை இப்ப கதவைச் சாத்தப் போகினமாம், மெய்தானோ?"

"ஆர் சொன்னது?"

"றேடியோவில கேட்டனாங்கள்."

ஐந்து வருடமாக மின்சாரம் இல்லாத ஊர். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்கிறார்கள். அவர்களுக்கு நோர்வேயின் குடிவரவுச் சட்டம் ஆஸ்திரிட்டை விட நன்றாகத் தெரிந்திருந்தது.

"எங்களாலை அவைக்கு அப்பிடி என்ன நட்டம்?" என்று கேட்டான்.

"வரி கட்டுறது அவையாம். சாப்பிடுறது நாங்களாம்."

"நீங்களும் கட்டுறியள்தானே. எவ்வளவு?"

"சம்பளத்தில மூண்டில ஒண்டு வரும்."

அவன் காலை அக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டான். "மூண்டில ஒண்டோ? அப்ப அவன் கத்தத்தானே அக்கா செய்வான்."

காலை எடுத்ததில் எஞ்சின் நின்றுவிட்டது. தென்மராட்சியில், சாவகச்சேரிக்குக் கிட்ட, தென்னந்தோட்டங்களுக்கு நடுவில். அவன் மூடியைத் திறந்து வாயால் குழாயை ஊதத் தொடங்கினான். நான் பக்கத்து வளவுக்குப் போய்த் தண்ணீர் கேட்டேன். ஒரு மனுசி கிணற்றில் அள்ளி என் கையில் வார்த்து, "முகத்தையும் கழுவு பிள்ளை, வேணுமெண்ட அளவு கிடக்கு" என்றாள். ஏழு வருடத்துக்குப் பிறகு ஊர்த் தண்ணீர். அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

மத்தியானத்துக்குள் இணுவில் வந்து சேர்ந்தேன். அண்ணை படலையில் நின்றார். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டி இன்னும் கத்தி விளிம்பு மடிப்போடுதான் இருந்தது. ஊரில் சவர்க்காரம் யானை விலை என்று பிறகுதான் தெரிந்தது.

"மெலிஞ்சு போனாய். அங்கை சாப்பாடு இல்லையோ?"

அண்ணையின் மனைவியை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். குரக்கன் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தா. சீனி இல்லாத தேத்தண்ணிக்குப் பனங்கட்டித் துண்டு. நான் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு நித்திரையாகிப் போனேன்.

மறுநாள் காலை முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனால் வாளியைக் காணவில்லை. கயிறும் இல்லை. துலாவின் நுனி வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

"வாளி எங்கை மச்சாள்?"

"குசினிக்கை. பொறு, தாறன்."

"ஏன் குசினிக்கை?"

"பள்ளிக்கூடத்துச் சனம் வரும். ஆறரையிலிருந்து ஏழரை வரைக்கும் வெளியில வைக்கிறனாங்கள். பிறகு எடுத்து உள்ளை வைக்கிறது."

பள்ளிக்கூடம் எங்கள் வளவு மதிலுக்கு அடுத்த பக்கம். அதன் கிணறு அள்ளி அள்ளி உவராகிவிட்டதாம். சனம் குடிக்க எங்கள் கிணற்றுக்குத்தான் வர வேண்டும். அவர்களுடைய வாளி எங்கள் கிணற்றுக்குள் இறங்கக் கூடாது. எங்கள் வாளியால் அள்ளித் தங்கள் குடத்தில் ஊற்றலாம். எங்கள் வாளியோ இருபத்துமூன்று மணித்தியாலம் குசினிக்குள் இருக்கிறது. இதை மச்சாள் சொன்ன விதத்தில் ஒரு பிழையும் இருந்ததாக அவவுக்குத் தெரியவில்லை. சாதி என்ற சொல்லை அவ சொல்லவில்லை, யாரும் சொல்வதில்லை. "கோடை வருகுது, எங்கடை கிணறும் உவரானா தோட்டத்துக்கு என்ன செய்யிறது" என்றா. அதுவும் உண்மைதான்.

தேவியைப் பார்க்கப் போனேன். ஒரு வகுப்பறைக்கு நாலு குடும்பம். சேலைகளைக் கட்டித் தடுத்திருந்தார்கள். தேவி மெலிந்த, உயரமான பெண். என் பெயரைச் சொன்னதும் கையைச் சேலையில் துடைத்துவிட்டு எழும்பினாள்.

"மலரக்காவோ? அவர் எழுதினவர். இருங்கோ, வாங்கில இருங்கோ."

யோகன் தந்துவிட்ட படத்தைக் கொடுத்தேன். பனியில், முழங்கால் வரை புதைந்து நிற்கிற படம். சுகி அதை நெடுநேரம் பார்த்தாள்.

"அப்பா நிக்கிற இடத்தில கடல் இருக்கோ?"

"ஓம், பக்கத்திலதான்."

"அப்பா அங்கை மீன் பிடிக்கிறவரோ?"

"இல்லை. ஆரோ பிடிச்சுக்கொண்டு வாற மீனை வெட்டுறவர்."

அது அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. படத்தைத் திருப்பித் தந்துவிட்டாள். தேவி வெறுந்தேத்தண்ணி தந்தாள். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "இஞ்சை நல்லாப் பாக்கினம் அக்கா" என்றாள். நான் அண்ணையின் தங்கச்சி என்பதை மறக்காமல்தான் கதைத்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் வாசிகசாலையில் கூட்டம். அண்ணைதான் தலைவர். என்னையும் கூட்டிக்கொண்டு போனார், வெளிநாட்டுத் தங்கச்சியைக் காட்ட. விசயம் ஒன்றுதான்: பள்ளிக்கூடத்துச் சனத்தை இன்னும் எவ்வளவு காலம் வைத்திருப்பது.

புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் எழும்பினார். "வெங்காயத்துக்கு வரி, புகையிலைக்கு வரி. கட்டுறது நாங்கள். நிவாரண அரிசி எடுக்கிறது அவை. ஒரு கிழமைக்காவது எங்கடை ஆக்களுக்கு ஏதும் தந்தவையோ?"

சங்கக் கடையில் வேலை செய்கிறவர் சொன்னார்: "உண்மையா வழியில்லாத சனம் கொஞ்சம்தான். மிச்சம் நிவாரணத்துக்காண்டி நிக்குது. வெளிநாட்டுக் காசு வாறவையும் வரிசையில நிக்கினம்."

"எங்கடை பிள்ளையள் மரத்துக்குக் கீழை இருந்து படிக்குதுகள்."

"ஒரு ஊர் இவ்வளவு சனத்தைத்தான் தாங்கும். தென்மராட்சியில இடம் கிடக்குத்தானே, அங்கை அனுப்பலாம்."

"கிணறு இறைச்ச மண்ணெண்ணெய்க்கு இன்னும் ஆரும் பதில் சொல்லேல்லை" என்றார் இன்னொருவர், அண்ணையைப் பார்த்து. அண்ணை தலையை ஆட்டினார்.

இதில் ஒரு வசனம்கூட எனக்குப் புதிதில்லை. உண்மையானவர் கொஞ்சம், மற்றவர் காசுக்கு வந்தவர். ஒரு நாடு இவ்வளவைத்தான் தாங்கும். எங்கள் பிள்ளைகள், எங்கள் வரி, வேறெங்காவது அனுப்புங்கள். சாப்பாட்டு அறையில் மாரி முழுவதும் கேட்டதைத்தான் இங்கே இளநீர் குடித்துக்கொண்டு சொன்னார்கள். ஆஸ்திரிட்டைக் கொண்டுவந்து இந்த வாங்கில் இருத்தினால் மொழி தெரியாமலே தலையாட்டியிருப்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன சிரிக்கிறாய்?" என்றார் அண்ணை, குரலைத் தாழ்த்தி.

"ஒண்டுமில்லை."

ஐந்தாம் நாள் தேவியோடு அளவெட்டிக்குப் போனேன். சுகியின் பிறப்புச் சான்றிதழின் பிரதி வேண்டும். பதிவு செய்கிற அலுவலகத்தை அங்கே ஒரு வீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஒரே சைக்கிள். தேவி மிதிக்க நான் கரியரில். ஒரு கட்டத்தில் பின் ரயர் வெடித்தது. திருத்துகிறவர் புது ரயர் என்ற சொல்லைக் கேட்டே சிரித்தார். வெடித்த இடத்துக்குள் பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து, ரியூப் நாடாவால் சுற்றிக் கட்டினார். கட்டுப்பட்ட இடம் நிலத்தில் படும் ஒவ்வொரு முறையும் நான் கரியரில் துள்ளி விழுந்தேன்.

அவர் கட்டிக்கொண்டிருந்த நேரம் பக்கத்து வீட்டில் யாரோ நாதஸ்வரம் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது கேட்டது. தேவி சொன்னாள்: "எங்கடை கலியாணத்துக்கு அளவெட்டி மேளம்தான். மயிலிட்டியில கொண்டாட்டம் எண்டா இஞ்சை வந்துதான் மேளத்துக்குச் சொல்லுவினம்."

பிரதி கிடைத்தது. திரும்பும்போது தேவி சைக்கிளை மற்றப் பக்கம் கொஞ்சத் தூரம் விட்டாள். தெருவுக்குக் குறுக்கே பனங்குற்றிகள். அதற்கு அங்காலே ஆமி நிற்கிற இடம், போகக் கூடாது. புல் மண்டிய தெரு வடக்கே போய்க்கொண்டிருந்தது.

"இதால போனா ஒரு மணித்தியாலம். எங்கடை வீடு" என்றாள்.

அங்கே நின்றுதான் அவள் வாய் திறந்தாள். இணுவிலில் சொல்ல முடியாததை அளவெட்டியில் சொன்னாள். சுகிக்கு ஒருநாள் பகல் காய்ச்சல். தண்ணீர் கேட்டிருக்கிறாள். தேவி நிவாரண வரிசையில். பிள்ளை தானே எழும்பிப் போய், பால்மா வந்த தகர ரின்னில் கயிறு கட்டி எங்கள் கிணற்றில் இறக்கியிருக்கிறாள். கயிறு கழன்று ரின் உள்ளே விழுந்துவிட்டது.

"அதுக்குக் கிணத்தை இறைச்சவை அக்கா. ரெண்டு நாள் மெசின் போட்டு முழுக்க இறைச்சு, மஞ்சள் தண்ணி தெளிச்சு. எங்கடை ரின் விழுந்ததெண்டு. அண்டைக்கிருந்துதான் வாளி உள்ளை போனது. மற்றச் சனம் என்னைத்தான் பேசுது, உன்ரை பிள்ளையாலைதான் எங்களுக்கும் தண்ணியில்லை எண்டு."

"இறைக்கச் சொன்னது ஆர்?"

அவள் பனங்குற்றியைப் பார்த்தபடி, "உங்கடை அண்ணை நல்லவர் அக்கா. பிள்ளைக்கு அடிக்கேல்லை" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை விட வேறு சொல் இல்லை.

ஏழாம் நாள் அண்ணை கடிதம் எழுத இருந்தார். அவர் எழுதுவதைப் பார்க்க வேண்டும். மேசையைத் துடைத்தார். இரண்டு பேனை முயன்று பார்த்து ஒன்றைத் தெரிந்தார். இங்கிலிசில், ஒரு வெட்டு இல்லாமல், முத்துப் போன்ற எழுத்து. முடிந்ததும் லாச்சியைத் திறந்து முத்திரையை எடுத்து, வாயால் ஊதி ஈரமாக்கி, கையொப்பத்துக்கு மேலே அமத்திக் குத்தினார். பிறகு என்னை முன்னால் இருத்தி வாசித்தார்.

முதல் பகுதி நன்றாக இருந்தது. தேவியும் சுகியும் யார், எந்த ஊர், எப்போது வந்தார்கள், எல்லாம் சரி. பிறகு வந்தது இது. தமிழில் சொல்கிறேன்: "மேற்படி தாயையும் பிள்ளையையும் எமது கிராமத்தவர் தமது சொந்தப் பிள்ளைகள் போலப் பராமரித்து வருகின்றனர். உணவு, உறைவிடம், குடிநீர் ஆகியவற்றில் அவர்களுக்கு ஒரு குறையுமில்லை."

"அண்ணை, உப்பிடி எழுதினா அவையை எடுக்கமாட்டினம்."

"ஏன்?"

"குறையில்லாத ஆக்களை அவன் ஏன் கூப்பிட வேணும்? உதைத்தான் அவன் தேடுறான்."

"அப்ப என்ன எழுதச் சொல்லுறாய்? இணுவிலார் தண்ணி குடுக்கேல்லை எண்டு வெள்ளைக்காரனுக்கு எழுதவோ?"

"ஓம்."

அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "உனக்கென்ன விசரே? முப்பத்திரண்டு வருசம் கச்சேரியில இருந்து எழுதினனான். ஒருநாளும் ஊரைக் குறைச்சு எழுதினதில்லை. கடிதம் எங்கை போகுதெண்டு யோசிச்சியே? ஒரு அரசாங்கத்தின்ரை மேசைக்கு. அங்கை இருக்கிறவன் இணுவில் எண்ட பேரை முதன்முதலா வாசிக்கப் போறான்."

"வாளி குசினிக்கை இருக்கு அண்ணை."

"அது எங்கடை வீட்டுக்கை. அதை நாங்கள் பாப்பம். ஊர் உலகத்துக்குச் சொல்லுற கதையோ அது?"

"அப்ப இது பொய்தானே?"

"பொய்யில்லை. மரியாதை."

நான் இன்னும் கத்தியிருக்கலாம். ஆனால் சாப்பாட்டு அறையில் ஆஸ்திரிட்டிடம் நான் சொன்னது இதே கடிதம்தான், எழுதாத குறை. நான் பிறந்த ஊரை வெள்ளைக்காரிக்கு முன்னால் குறைத்துச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லைத்தானே. அண்ணை முத்திரையாவது குத்தினார்.

மறுநாள் காலை கடிதத்தோடு தேவியிடம் போனேன். என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "நல்லாத்தானே எழுதியிருக்கிறார்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

"தேவி, நீர் சொல்லும். நான் எழுதிறன். ரின் விழுந்தது, கிணறு இறைச்சது, எல்லாம். நீர் கையெழுத்து வைச்சாக் காணும். அதையும் சேர்த்துக் குடுப்பம்."

"வேண்டாம் அக்கா."

"உங்களைக் கூப்பிடுறதுக்குத்தானே."

"கூப்பிட்டா நல்லது. கூப்பிடாட்டி? நீங்கள் இண்டைக்குப் போயிடுவியள். நான் நாளைக்கும் அந்தக் கிணத்தடிக்குத்தான் போகவேணும். உங்கடை அண்ணை காதில விழாமல் ஒரு கடிதம் இந்த ஊரை விட்டுப் போகாது."

யோகனுக்குக் கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு ஒடியல் மா ஒரு பை கட்டித் தந்தாள். படலையில் நின்று சுகி கை காட்டினாள். வெளிக்கிடும்போது மணி எட்டு. எங்கள் கிணற்றடியில் துலா மட்டும் நின்றது.

ஒரு கடிதமும் இல்லாமல் திரும்பினால் கோப்பை மூடிவிடுவார்கள். இதைக் கொடுத்தால் முதல் பகுதியாவது உதவும். அப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்து அதைக் கொடுத்தேன். அண்ணையின் முத்திரையை அலுவலகத்துப் பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகக் கோப்பில் வைத்தாள்.

சித்திரையில் சண்டை மறுபடி தொடங்கியது. ஆவணியில் பதில் வந்தது. மனைவியும் பிள்ளையும் உள்ளூரில் நல்ல பராமரிப்பில் இருப்பதாகப் பொறுப்புள்ள ஒருவர் உறுதிப்படுத்தியிருப்பதால், அவர்களை அழைப்பதற்கான அவசியம் நிறுவப்படவில்லை. சாப்பாட்டு அறையில் வைத்து யோகனுக்கு வாசித்துச் சொன்னேன். அவர் கையுறையைப் போட்டுக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார். ஆஸ்திரிட் என்ன விசயம் என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு மெய்யாகவே கவலை. ஆனாலும் கேட்டாள்: "நீ அன்றைக்குச் சொன்னதைத்தானே அவர்களும் எழுதியிருக்கிறார்கள்?"

ஓம் என்று தமிழிலேயே சொன்னேன். மேன்முறையீடு போட்டோம்.

ஐப்பசிக் கடைசியில், சண்டை கிட்ட வர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் வெளிக்கிட்டது. மழையில், இடிபட்டு, தென்மராட்சிக்கு. இணுவிலும்தான். ஒரு மாதம் அண்ணையைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிறகு கொழும்புக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்து அனுப்பிய கடிதம் வந்தது. கொப்பித் தாள், இரண்டு பக்கமும் பென்சிலில். அண்ணை பென்சிலில் எழுதி நான் அன்றுதான் கண்டேன்.

"அன்புள்ள தங்கச்சிக்கு. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறோம். தேவியும் பிள்ளையும் இதே மண்டபத்தில், எங்களுக்குப் பக்கத்தில். வந்த மூன்றாம் நாள் தண்ணீருக்கு அயல் வளவுக் கிணற்றடிக்குப் போனேன். வாளி உள்ளே இருந்தது. இங்குள்ளவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இவ்வளவு சனத்தை எந்த ஊர் தாங்கும். தேவிக்கு இது பழக்கம். விடிய முதல் போய் வரிசையில் நின்று எங்களுக்கும் சேர்த்து அள்ளி வருகிறாள். மச்சாள் அதைத்தான் குடிக்கிறாள். நானும் குடிக்கிறேன்."

அதோடு இன்னொரு தாள், இங்கிலிசில். நோர்வே அரசாங்கத்துக்கு. எங்கள் கிணறு, எங்கள் வாளி, பால்மா ரின், இறைத்த இரண்டு நாள், எல்லாம் வரிசையாக. தான் முன்பு எழுதியது உண்மைக்கு மாறானது, அதற்குத் தானே பொறுப்பு என்று முடித்திருந்தார். கீழே கையொப்பம் மட்டும். அதற்குக் கீழே எனக்குத் தமிழில் ஒரு வரி: "முத்திரை வீட்டு மேசை லாச்சியில் கிடக்கிறது. வெளிக்கிடும்போது நான் குடையை எடுத்தேன், மச்சாள் மா அரிக்கிற அரிதட்டை எடுத்தாள். முத்திரை நினைவுக்கு வரவில்லை."

சூரியன் தலை காட்டாத மார்கழியில், பகல் பதினொரு மணிக்கு, விளக்குப் போட்ட அலுவலகத்தில் நானும் யோகனும் போய் இருந்தோம். நான் தாளைக் கொடுத்து, மொழிபெயர்ப்பையும் கொடுத்தேன். அந்தப் பெண் பொறுமையாக வாசித்தாள். திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதில் முத்திரை இல்லை" என்றாள். "விலாசமும் இல்லை."

அவர் இப்போது அகதி, அவருக்கு விலாசம் இல்லை என்று விளக்கினேன். அவள் தலையாட்டினாள். பிறகு கோப்பைத் திறந்து, பழைய கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். முத்துப் போன்ற எழுத்து. நீல முத்திரை இன்னும் பளிச்சென்று இருந்தது.

"எங்களிடம் முத்திரையோடு ஒன்று இருக்கிறதே. அதே ஆள் எழுதியது. நாங்கள் இதைத்தான் எடுக்கலாம். இதில் ஒரு குறையுமில்லை என்று இருக்கிறது."

யோகன் என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம் அக்கா?"

அந்தப் பெண் சொன்னதை அவருக்குத் தமிழில் சொல்வதற்குத்தான் நான் அங்கே போயிருந்தேன். சொன்னேன்.